பத்து மணி செட்டைக் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. எனக்கு 24 வயது, கிள்ளான். பகலில் ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் வேலை. 3 வருடமாகக் கல்யாண விருந்து, 21-ஆவது பிறந்தநாள் என்று டிஜே போடுகிறேன். அங்கே முழுக்கத் தமிழ்ப் பாட்டுதான். ஆனால் வீட்டில் சின்ன கன்ட்ரோலரில் நான் போடுவது மெலோடிக் டெக்னோவும் புரோகிரெசிவ் ஹவுசும், மின்னணு நடன இசை. கோலாலம்பூரில் ஸூக் தொடங்கித் தெரிந்த கிளப்புக்கெல்லாம் இன்ஸ்டாகிராமில் மிக்ஸ் லிங்க் அனுப்பிவிட்டேன். யாரும் பதில் போடவில்லை. நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிற ஒரு புரோமோட்டர் மட்டும், "20 டிக்கெட் வித்துக் குடு, ஒரு மணி நேரம் தர்றேன்" என்றார். நண்பர்களோ, "நம்ம ஆளுக்குத் தமிழ் நைட்தான்டா கிடைக்கும்" என்கிறார்கள். பினாங்கில் மாமா பையன் இருக்கிறான், அங்கே போனால் சுலபமா? அம்மாவுக்குக் கிளப் என்றாலே பயம். இந்தக் கடிதத்தோடு என் மிக்ஸையும் வைத்திருக்கிறேன். நான் எங்கே தொடங்குவது?

பதில்: தம்பி, உங்கள் மிக்ஸைக் கேட்டேன். கை சுத்தமாக இருக்கிறது. பீட் நழுவவில்லை, ஒரு டிராக்கின் பாஸ் மேல் இன்னொன்றின் பாஸ் ஏறி மோதவில்லை. கல்யாண மண்டபத்தில் 3 வருடம் நின்றவருக்குள்ள நிதானம் தெரிகிறது. ஆனால் ஒரு கிளப்புக்கு டிஜேக்களைத் தேர்ந்தெடுக்கிறவனாக உட்கார்ந்து கேட்டால், முதல் 5 நிமிடத்திலேயே நிறுத்திவிடுவேன். எடுத்த எடுப்பில் நிமிடத்துக்கு 126 பீட், இரண்டாவது டிராக்கிலேயே பெரிய டிராப், அதாவது இசை உச்சத்தில் வெடிக்கிற இடம். அது நள்ளிரவு 1 மணிக்குப் போட வேண்டிய செட். அந்த நேரத்தை முகம் தெரியாத ஆளுக்கு எந்தக் கிளப்பும் கொடுக்காது. அது கிளப்பின் நிரந்தர டிஜேவுக்கு, அதாவது ரெசிடெண்டுக்கு உரியது. இல்லையென்றால் விமான டிக்கெட் போட்டு வெளிநாட்டிலிருந்து அழைத்து வந்தவருக்கு உரியது. ஆள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். காலியாகக் கிடப்பது இரவு 10 மணி. அதைக் கேளுங்கள்.

இதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் புதிதாக வருகிற பிள்ளைகள் 10 மணி செட்டை அவமானமாக நினைக்கிறார்கள். "ஆளே இல்லாத ஹாலுக்கா பாட்டு போடுறது?" என்று கேட்கிறார்கள். 10 மணிக்கு ஒரு கிளப் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். பாரில் எலுமிச்சையை நறுக்கிக் கொண்டிருப்பார்கள். விளக்குக்காரர் ஏணியில் இருப்பார். முன்பதிவு செய்த மேசைகளில் இரண்டு, மூன்றில் ஆள் வந்து, போனைப் பார்த்தபடி நண்பர்களுக்குக் காத்திருப்பார்கள். அவர்கள் 15 நிமிடத்தில் பில்லைக் கட்டிவிட்டு வேறு இடத்துக்குப் போவார்களா, இல்லை இன்னொரு போத்தல் சொல்வார்களா என்பது பாதி உங்கள் கையில் இருக்கிறது. கிளப் பிழைப்பது வாசல் கட்டணத்தில் அல்ல, மேசையில். ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்கு நீங்கள் மாறுகிற டிரான்சிஷனை மேலாளர் கவனிக்க மாட்டார். 11 மணிக்கு எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது என்று பார்ப்பார்.

அதனால் அந்த நேரத்துக்கு வேறு கை வேண்டும். 116, 118-இல் தொடங்குங்கள். குரல் குறைவான, பாஸ் உருளுகிற, பேச்சுக்கு இடம் விடுகிற டிராக்குகள். சத்தத்தை நீங்களே அடக்கி வையுங்கள். மிக்சரில் சிவப்பு விளக்கு எரியவே கூடாது. ஸ்பீக்கருக்கு முன்னால் லிமிட்டர் என்று ஒன்று இருக்கும். நீங்கள் ஏற்ற ஏற்ற அது நசுக்கும், சத்தம் ஏறாது, கரகரப்புதான் கூடும். 11 மணிக்கு 120. பதினொன்றரைக்கு ஓரமாய் நின்று தலையாட்டுகிறவர்கள் தென்பட்டால் 122. 12 மணிக்கு வருகிறவரிடம் கூட்டத்தைச் சூடாக, ஆனால் பசியோடு ஒப்படைக்க வேண்டும். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வருமுன்னே கெட்டிமேளம் கொட்டிவிட்டால் தாலி கட்டும்போது எதைக் கொட்டுவது? உங்கள் மிக்ஸில் நீங்கள் செய்திருப்பது அதுதான். அன்றைக்கு முதன்மையாய் வருகிறவரின் சொந்த டிராக்கை ஓப்பனிங்கில் போடுகிற வழக்கமும் சிலரிடம் உண்டு, மரியாதை செய்வதாக நினைத்து. தயவுசெய்து வேண்டாம். அவர் அதை 1 மணிக்கென்று வைத்திருப்பார்.

ஆகவே முதல் வேலை, 45 நிமிடத்தில் ஒரு புதிய மிக்ஸ். தலைப்பிலேயே அது 10 மணிக்கானது என்று தெரியட்டும். மிக்ஸ்கிளவுடில் ஏற்றுங்கள், டிஜே மிக்ஸ்களுக்கென்றே உரிமம் வாங்கி நடத்துகிற தளம் அது. மற்ற இடங்களில் காப்புரிமைப் புகார் வந்து, நீங்கள் அனுப்பிய லிங்க் ஒரு வாரத்தில் செத்துப்போகலாம். டிராக்குகளைக் காசு கொடுத்து வாங்குங்கள், பீட்போர்ட், பேண்ட்கேம்ப் என்று எந்த இணையக் கடையானாலும் சரி. யூடியூபிலிருந்து உருவி எடுத்தது ஹெட்போனில் நன்றாகத்தான் கேட்கும். கிளப்பின் சப்வூஃபரில் போட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி இருக்கும், அறைக்குள் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்தது, எங்கே அனுப்புவது. நீங்கள் எழுதியிருக்கும் கிளப் வரிசையில் முதல் பெயர் ஸூக். எல்லாரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். 2004-இல் ஜாலான் அம்பாங்கில் திறந்து, பிறகு ஜாலான் துன் ரசாக்கில் உள்ள ட்ரெக் கேளிக்கை வளாகத்துக்குப் போன இடம் அது. அந்த அளவுள்ள இடத்துக்கு மேடை ஏறியவர்களே வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் அதற்கு இரண்டு படி கீழே பாருங்கள். பெட்டாலிங் ஸ்திரீட், ஜாலான் சுல்தான் பக்கம் மாடிப்படி ஏறிப் போகிற சின்ன பார்கள், சாங்காட் புக்கிட் பிந்தாங்கில் வார நாளில் டிஜே வைக்கிற இடங்கள், ஓட்டல் மொட்டைமாடிகள். ஐம்பது, நூறு பேர் கொள்ளும் அறை. அங்கே செவ்வாய், புதன், வியாழன் இரவுகளுக்குத்தான் ஆள் தேடுவார்கள். மறுநாள் காலை உங்களுக்குக் கிடங்கில் வேலை இருப்பது எனக்குத் தெரியும்; அதனாலேயே 10 மணி செட் உங்களுக்கு வசதி, 12 மணிக்குக் கிளம்பிவிடலாம். எல்ஆர்டி ரயில் அந்நேரத்துக்கு ஓய்ந்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இத்தனை இடங்களுக்கும் ஒரே நாளில் லிங்க் அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் இசை ஓடுகிற இரவு எது என்று விசாரித்து, அந்த இரவுக்குப் போங்கள். 10 மணிக்கே போங்கள். ஓப்பனிங் போடுகிறவர் முடித்துவிட்டு பாருக்கு வருவார், யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். நீங்கள் பேசுங்கள்: "அந்த மூணாவது டிராக் என்ன அண்ணே?" அவ்வளவு போதும். "எனக்கும் ஒரு சான்ஸ் வாங்கிக் குடுங்க" என்று முதல் நாளே ஆரம்பிக்க வேண்டாம். அடுத்த வாரமும் போங்கள். செட் முடிந்து ஆட்கள் மாமாக் கடையில் தே ஓ ஐஸ் குடிக்கப் போவார்கள், கூப்பிட்டால் போங்கள். இந்த ஊரில் டிஜே வேலை பாதி அந்த மேசையில்தான் பேசி முடிகிறது. "அடுத்த வியாழன் எனக்கு முடியாது, யாராவது இருக்காங்களா?" என்று ஒருவர் கேட்பார். அப்போது நினைவுக்கு வருகிற முகமாக நீங்கள் இருந்தால் சரி. இன்பாக்ஸில் கிடக்கும் முகமில்லாத லிங்க் யாருக்கும் நினைவுக்கு வராது.

அதற்குப் பிறகு எழுதுங்கள். உங்கள் பழைய செய்தியின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். "வணக்கம், நான் பாஷனோடு டிஜே செய்கிறேன், ஒரு வாய்ப்புக் கொடுத்தால் ஏமாற்ற மாட்டேன்" என்று போகிறது. அதில் புக்கிங் பார்க்கிறவருக்குப் பயன்படுகிற தகவல் ஒன்றும் இல்லை. இப்படி இருக்கட்டும்: "உங்கள் வியாழன் இரவுக்கு இரண்டு தடவை வந்தேன். நான் புரோகிரெசிவ் ஹவுஸ், மெலோடிக் டெக்னோ போடுவேன். 10 மணிக்கு ஏற்ற மிக்ஸ் இது, 45 நிமிடம். கிள்ளானில் இருக்கிறேன், கார் இருக்கிறது, யாராவது கடைசி நேரத்தில் வராவிட்டாலும் கூப்பிடலாம்." உங்களிடம் கார் இருக்கிறது என்று நினைத்து எழுதுகிறேன், கல்யாணத்துக்கு ஸ்பீக்கர் ஏற்றிப் போகிறவர் ஆயிற்றே. அந்தச் செய்தியின் கடைசி வாக்கியம்தான் பல பேருக்கு முதல் கதவைத் திறந்தது. எந்த ஊரிலும் டிஜே ஒருவருக்குக் காய்ச்சல் வரத்தான் செய்யும்.

கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பழகியது இரண்டு சேனல் கன்ட்ரோலரில், மடிக்கணினித் திரையைப் பார்த்து. கிளப்பில் பெரும்பாலும் பயனியர் சிடிஜே பிளேயர் இருக்கும், 2000 நெக்சஸ் 2 அல்லது 2020-இல் வந்த 3000. மடிக்கணினி கிடையாது, யூஎஸ்பி மட்டும்தான். ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளில் டிராக்குகளை அலசி, யூஎஸ்பிக்கு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்த யூஎஸ்பி குச்சியை ஃபாட்32 வடிவத்தில் ஃபார்மட் செய்யுங்கள். வேறு வடிவத்தில் இருந்தால் பழைய பிளேயர் அதைப் படிக்காமல் சும்மா நிற்கலாம், உங்களுக்கு வியர்க்கும். ஒரே மாதிரி இரண்டு குச்சி எடுத்துப் போங்கள். முன்கூட்டியே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் பயிற்சி அறையில் அந்தப் பிளேயரில் கை வைத்துப் பாருங்கள். ஜாக் சக்கரம் பெரிது, வேகத்தை மாற்றுகிற பிட்ச் ஃபேடர் நீளம், கை பழகச் சில மணி நேரமாவது ஆகும்.

டிஜே மேடையில் ஒரு விஷயம், இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பிளேயர்களைக் கேபிளால் இணைத்திருப்பார்கள். ஒரு குச்சியைச் செருகினால் எல்லாப் பிளேயரும் அதிலிருந்தே படிக்கும். உங்கள் நேரம் முடிந்ததும் அவசரத்தில் குச்சியைப் பிடுங்கிவிட்டால், உங்கள் கடைசி டிராக் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே நாலு பீட் திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பிக்கலாம். அறையில் எல்லாரும் மேடையைப் பார்ப்பார்கள். அடுத்தவர் தன் டிராக்கை உள்ளே கொண்டுவந்து, உங்கள் ஒலியைக் குறைக்கிற சேனல் ஃபேடரை முழுக்க இறக்கிய பிறகு, அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஏறும்போதும் அப்படித்தான்: முன்னால் போடுகிறவரின் ஒலி அளவை, அதாவது கெயினை, தொடாமல், காலியாக இருக்கும் பிளேயரை எது என்று கேட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருங்கள். இந்த ஒழுங்கைப் பார்த்தே "இவனை மறுபடி கூப்பிடலாம்" என்று முடிவு செய்கிற ரெசிடெண்டுகள் உண்டு. நானும் அப்படித்தான்.

20 டிக்கெட் விஷயம். விட்டுவிடுங்கள். விற்காத டிக்கெட்டுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டும் என்று அடுத்த செய்தியில் வரும், வந்திருக்குமே? நீங்கள் இசை வேலைக்குப் போகிறீர்கள், அவர் உங்களை வாடிக்கையாளராகப் பார்க்கிறார். அப்படிப்பட்ட இரவுகளில் ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் என்று ஆறேழு டிஜே இருப்பார்கள். ஒவ்வொருவரின் நண்பர்களும் அவரவர் நேரத்துக்கு வந்து, கைதட்டி, போய்விடுவார்கள். உங்களைப் புக் செய்யக்கூடிய யாரும் அங்கே நின்று கேட்பதில்லை. கெஸ்ட் லிஸ்டில் பெயர் கொடுங்கள் என்று ஒரு கிளப் கேட்டால் அது வேறு, நியாயமான கேள்வி. கொடுங்கள். 21 வயது ஆகாத தம்பி, தங்கச்சிகள் பெயரைச் சேர்க்காதீர்கள். 2017 டிசம்பர் முதல் மது விற்க வயது வரம்பு 18-லிருந்து 21 ஆகிவிட்டது. வாசலில் ஐசி (அடையாள அட்டை) பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள், சங்கடம் உங்களுக்கு.

தமிழ் நைட்டுக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. பெயரைப் பார்த்ததும் "பாலிவுட் போடுவியா?" என்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் தமிழ் நைட் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அங்கேயும் 10 மணி உண்டு. குத்துப் பாட்டு 12-க்கு மேல்தான் வேண்டும், அதற்கு முன்னால் கூட்டத்துக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியாது, அந்த இரண்டு மணி நேரத்தில் உங்கள் ஹவுஸை நிம்மதியாகப் போடலாம். கிளப் பிளேயரில், பெரிய ஸ்பீக்கரில், சம்பளத்தோடு கிடைக்கும் பயிற்சி அது.

இன்னொன்றும் உண்டு. குத்து பெரும்பாலும் ஆறு எட்டு, திஸ்ர நடை. ஹவுஸ் நாலு நாலு. இரண்டின் அடியையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்தால் கிக் என்கிற கனத்த டிரம் அடி பொருந்தும், ஆனால் இடையில் வரும் சிம்பல் ஒலியான ஹைஹாட்டும் தவில் சொற்கட்டும் ஒன்றையொன்று கடிக்கும். அதனால் ஹவுஸ் டிராக்கில் கிக் மட்டும் ஓடுகிற இடத்தில், ஹைஹாட் இல்லாத எட்டு தாளச் சுற்றில், குத்தை உள்ளே விட வேண்டும். இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், மண்டபத்தில் செய்திருப்பீர்கள். சாங்காட்டில் போடுகிற பல பேருக்குத் தெரியாது. தைப்பூசத்தில் பத்துமலையில் காதைக் கிழிக்கிற உறுமியைக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். தெரிந்த உறுமி மேளக் குழுவோடு பேசி, காசு கொடுத்து, ஒரு மணி நேரம் பதிவு செய்து, அதைத் துண்டு போட்டு உங்கள் டெக்னோவுக்குள் வைத்துப் பாருங்கள். அடுத்தவர் பாட்டிலிருந்து வெட்டியது இல்லை என்பதால் வெளியிடவும் முடியும். வெறும் ஹவுஸ் போடுகிற டிஜே இந்த ஊரில் ஏராளம், உங்களைத் தனியாகக் காட்டப்போவது இதுதான்.

கல்யாண வேலையையும் விடாதீர்கள். தை, வைகாசி, ஆவணி அதற்கு. ஆடியும் மார்கழியும் எப்படியும் சும்மாதானே இருக்கிறீர்கள்? கிளப் வேட்டையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். புதியவருக்குச் சின்ன இடங்களில் கிடைப்பது கல்யாணச் சம்பளத்தைவிடக் குறைவாக இருக்கும், இதை மனதில் வைத்துக்கொண்டே வாருங்கள். 200 வெள்ளி பேசினார்கள் என்று வையுங்கள். பெட்ரோல், டோல், பார்க்கிங், வாங்கிய டிராக்குகள் எல்லாம் போனால் கையில் நிற்பது என்ன என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். தெரிந்தவர் இடத்தில் ஒரு தடவை சும்மா போடலாம். இரண்டாவது தடவையும் "எக்ஸ்போஷர்" என்றால் சிரித்துக்கொண்டே தொகையைச் சொல்லுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு, எந்தத் தேதிக்குள் பணம் என்று வாட்சாப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள், இன்வாய்ஸ் அனுப்புங்கள். தொழில் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயரில் பதிவு செய்ய ஆண்டுக்கு 30 வெள்ளி, தொழில் பெயரில் என்றால் 60. பதிவு இருந்தால் ஓட்டல்களும் நிறுவன விருந்துகளும் பணம் கொடுக்க எளிது. கிளப்பில் பாட்டைப் பொதுவில் ஒலிக்கவிடுவதற்கான உரிமத்தை எடுப்பது இடத்துக்காரர் வேலை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

காதுக்குச் செருகியும் வாங்குங்கள், இசைக்கலைஞர்களுக்கென்று விற்கிற வகை. 85 டெசிபெலில் 8 மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபெல் என்றால் 15 நிமிடம். மேடையில் மானிட்டர் ஸ்பீக்கர் உங்கள் காதருகே இருக்கும்.

அம்மாவின் பயத்தை அசட்டை செய்யாதீர்கள், அது காரணமில்லாத பயம் இல்லை. போலீஸ் சோதனை நடக்கும், விளக்கைப் போடுவார்கள், பாட்டை நிறுத்தச் சொல்வார்கள், உள்ளே இருப்பவர்களைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு அழைத்துப் போவார்கள். டிஜே என்று விட்டுவிட மாட்டார்கள். ஐசி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். யாரோ நீட்டுகிற கிளாஸை வாங்காதீர்கள், உங்கள் போத்தல் தண்ணீரை மேடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணிக்கு முடியும், யாரோடு திரும்புகிறீர்கள் என்று தெரிந்தால் பாதி பயம் போய்விடும். தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிற வீடு என்றால் அந்த நாட்களில் கிளப் வேலை எடுக்காதீர்கள். வருடத்தில் சில வாரம்தான், வீட்டில் ஒரு சண்டை குறையும்.

பினாங்கு சுலபமா? ஜார்ஜ் டவுனில் லவ் லேன், சூலியா ஸ்திரீட் பக்கம் பார்கள் இருக்கின்றன, ஆட்கள் அன்பானவர்கள். ஆனால் ஊர் சின்னது. இடங்கள் குறைவு, உள்ளூர் டிஜேக்களே பங்கு போட்டுக்கொள்கிறார்கள், நீங்கள் வெளியாள். இங்கே இரண்டு இடத்தில் ஒழுங்காக ஓப்பனிங் போட்டபின், அங்கிருந்து ஒருவர் இங்கே செட் போட வரும்போது பழகிக்கொண்டு, "ஒரு சனிக்கிழமை நான் அங்கே வர்றேன், ஒரு சனிக்கிழமை நீங்க இங்கே வாங்க" என்று மாற்றிக்கொள்வதுதான் நடக்கிற வழி. அப்போது கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் ரயில் டிக்கெட்டை அவர்கள் போடட்டும், தங்குவதற்கு மாமா பையன் வீடு இருக்கிறது.